கருணாகர

சிங்களத்தில் அதற்கு ‘தயவுசெய்து’ என்று பொருள்.
என் காதுக்கு அது ஓர் ஆளின் பெயர்.
இருபத்தாறு வருடங்களாக
திருகோணமலையிலிருந்து திறைசேரிக்கு வந்த
ஒவ்வொரு கடிதத்தோடும்
அவரையும் நான் கூட்டி அனுப்பினேன்.

மாகாணத்தார் அவரை அனுப்பியதில்லை.
அவர்கள் எழுதுவது இப்படி:
“எமக்குரிய நிதி இதுவரை விடுவிக்கப்படாத
காரணத்தை அறியத் தருக.”
பிரதிப் பிரதம செயலாளர் கோணேசலிங்கம்
பேனையை ஊன்றி எழுதுகிறவர்,
மூன்றாம் பிரதியிலும் பள்ளம் தெரியும்.
நான் தாளை மேசையில் வைத்து
ஒரு பிளேன்ரீ நேரம் ஆறவிடுவேன்.
பிறகு ‘அறியத் தருக’வுக்கு முன்னால்
கருணாகரவை உட்கார்த்துவேன்:
வெள்ளைச் சேட்டு, எண்ணெய் படிந்த தலை,
மடியில் மடித்த குடை.

திரும்பிப் போகும்போதும் அதே வேலைதான்.
பணிப்பாளர் வீரக்கோன் எழுதுவார்: “காசு இல்லை.”
என் தமிழில் அது
“தங்கள் கோரிக்கை
உரிய கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.”
பொய் என்று சொல்லாதீர்கள்.
கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் இரண்டு பேர் வீட்டில்
‘உப்புக் காணாதாம்’ என்பதை
‘நல்லாயிருக்காம்’ என்று கொண்டுபோய்ச் சொல்லும்
பிள்ளை செய்கிற வேலை.

இந்த வருடம் சீர்திருத்தம் வந்தது.
லோட்டஸ் வீதி வாசலுக்குக் கண்ணாடிக் கதவு,
ஆளுக்கொரு அட்டை,
ஆளணி மீளாய்வு என்று நூற்றுப் பத்துப் பக்கம்.
எழுபத்து மூன்றாம் பக்கத்தில் நான்: ‘மிகை’.
அதே பக்கத்தின் அடியில்
கோணேசலிங்கம் ஒன்பது வருடமாகக் கேட்டுவந்த
பதினான்கு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள்:
‘நிரப்பப்படாதவை. நீக்குக.’

நிரப்ப அனுமதி கொடுக்காதது
இந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி.
நிரப்பாததால் நீக்குவது ஆறாம் மாடி.
ஐந்தில் நான் இருந்தேன்.

ரிஸ்மி, கணினிப் பிரிவுப் பொடியன்,
புதுக் கட்டமைப்பைத் திறந்து காட்டினான்.
“மாகாணம் இனிக் கடிதமே எழுதத் தேவையில்ல மிஸ்.
தலைப்பு, உபதலைப்பு, தொகை.
காரணம் எண்ட இடத்தில கீழ இழுத்தா ஏழு வரும்.”
இழுத்தேன்.
ஏழில் ஒன்றும் ‘எங்களுக்கு உரியது’ இல்லை.
‘ஏனையவை’ இருந்தது.
“அதை அழுத்தினா?”
“வரிசையில கடைசிக்குப் போவும் மிஸ்.”
அவனில் பிழையில்லை.
கொடுத்த அளவுக்கு அவன் கதவு செய்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கடிதம் தொலைநகலில் வந்தது.
அந்த இயந்திரத்தையும்
மாலையில் ஏலத்துக்கு எடுக்க இருந்தார்கள்.
“பதினான்கு பதவிகளும் மாகாணத்துடையவை.
அவற்றை நீக்கும் அதிகாரத்தை
உங்களுக்குத் தந்தது யார்?”

வழக்கம்போல் கருணாகர வந்து நின்றார்,
தன் இடத்தைத் தேடி, குடையைக் கை மாற்றி.
யன்னலுக்கு அப்பால்
பேர வாவிப் பக்கமிருந்து ஒரு கூழைக்கடா
பாரத்தோடு எழும்பிப் பறந்தது.
நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.
கேள்வியைக் கேள்வியாகவே சிங்களத்தில் வைத்தேன்.
‘யார்’ அங்கும் சின்னச் சொல்தான். கவுத.

நாலு மணிக்கு
வீரக்கோன் தாளைக் கையில் பிடித்தபடி வந்தார்.
“இவர் எப்போதும் இப்படியா எழுதுகிறவர்?”
“எப்போதும், சேர்.”
என் எதிர்க் கதிரையில் அமர்ந்தார்;
ஒருநாளும் அதில் அவர் இருந்ததில்லை.
பழைய கோப்புகளின் முதுகுகளை
எண்ணுகிறவர் போல் பார்த்தார்.
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
தொலைபேசி இலக்கம் கேட்டார்.

அடித்தது. எடுத்தார்கள்.
“கோணேசலிங்கம்,” என்றது ஒலிவாங்கி.
வீரக்கோன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.
திங்கள் முதல் நான் மிகை.
இப்போது நாலு பத்து.
கம்பியின் இரண்டு முனையிலும்
இரண்டு பேர் மூச்சுவிடுவது கேட்கிறது.
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.